கொழுந்துக் கணக்கில் எதை எது தீர்மானிக்கிறது?

எடைக்குக் கூலி வழங்கும் தேயிலைத் தோட்டத்தில், தோட்ட எழுத்தரான கிராணியின் கணக்கிலுள்ள ஒவ்வோர் எடையும் யாருடையது, எந்த நாளுக்குரியது என்பது ஐயமின்றித் தெரிந்தாக வேண்டும். மலேசியாவின் ரிங்லெட் வட்டாரத்தில் 1929இல் தொடங்கப்பட்ட போ தோட்டம் போன்ற ஒன்றின் கொழுந்துக் கணக்கைக் கணினியில் அட்டவணையாக அமைப்பவர், எந்தப் புலத்தின் (அட்டவணைப் பத்தியின்) மதிப்பு தெரிந்தால் வேறெந்தப் புலத்தின் மதிப்பு ஒன்றே ஒன்றாக உறுதிப்படும் என்பதையே முதலில் ஆராய வேண்டும். எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டின் தொடர்ச்சியாக வளர்ந்த சிந்தனையில் இத்தொடர்பு சார்புடைமை எனப்படும். உறுதிப்படுத்தும் புலமோ புலத்தொகுதியோ தீர்மானி எனப்படும்.

பணியாள் எண் பெயரைத் தீர்மானிக்கும். ஒரே பெயர் இருவருக்கு இருக்கக்கூடும் என்பதால் பெயர் எண்ணைத் தீர்மானிக்காது. எடைக்கோ பணியாள் எண் மட்டும் போதாது, நாளும் வேண்டும். நாளில் இருமுறை நிறுப்பதாயின் எந்த நிறுவை என்பதும் வேண்டும். அவ்வாறிருக்க, பெயரையும் அதே அட்டவணையில் எழுதினால், அது தீர்மானியின் ஒரு பகுதியை மட்டுமே சார்ந்திருப்பதால் வரிதோறும் திரும்பத் திரும்ப வந்து, ஓரிடத்தில் திருத்தப்பட்டு மற்றோரிடத்தில் பிழையாகவே நின்றுவிடும். முகவரியிலும் இத்தகைய சிக்கல் உண்டு: பணியாள் எண் அஞ்சல் குறியீட்டையும், 39200 என்னும் குறியீடு ரிங்லெட் என்னும் ஊரையும் தீர்மானிப்பதால், ஊர்ப்பெயர் தனி அட்டவணைக்கு உரியது.

ஆனால் சார்புடைமை என்பது பதிவான தரவிலிருந்து பொறுக்கி எடுக்கும் செய்தியன்று. தோட்டத்தின் நடைமுறையைப் பற்றிய உறுதிமொழி. ஆறு மாதப் பதிவில் ஒரே பெயருடைய இருவர் இல்லாமற்போனது தற்செயலே. அதைக் கொண்டு பெயரைத் தீர்மானியாக ஏற்பது பெருந்தவறு. மலேசியரின் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணைத் தீர்மானியாகக் கொள்ளலாமே எனத் தோன்றும். எனினும், இன்று மலேசியத் தோட்டங்களில் உழைப்போருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர்; அவர்களிடம் இருப்பது கடவுச்சீட்டு. கடவுச்சீட்டு எண்ணும் நாடும் சேர்ந்து ஆளைத் தீர்மானிக்கும் என்றாலும், புதுப்பிக்கும்போது எண் மாறக்கூடியதாகையால் ஆள் அந்த எண்ணைத் தீர்மானிப்பதில்லை. அதையே பணியாள் எண்ணாக வைத்தால், ஒருவரின் பல்லாண்டு உழைப்பு இரண்டு ஆட்களின் கணக்காகப் பிரிந்து, அவருடைய பணிக்காலமும் நிலுவையும் குறைத்துக் கணிக்கப்படும். இது தொழிலாளருக்கு இழைக்கப்படும் அநீதி என்பதால், தோட்டம் தானே வழங்கும் மாறாத எண் ஒன்றைத் தீர்மானியாக்கி, கடவுச்சீட்டுகளை அவற்றின் செல்லுபடிக் காலத்துடன் வேறோர் அட்டவணையில் வைப்பதே முறை.