இறங்கிய விலை, இறங்காத செலவு

புதிய சிறு கார் ஒன்றின் விலைக்குப் பழைய பெரிய கார் ஒன்றை வாங்கிவிடலாம் என்னும் எண்ணம் இன்று நடுத்தரக் குடும்பங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. எடுத்துக்காட்டாக, 2005 முதல் 2013 வரை உற்பத்தியான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸ் காரையே எடுத்துக்கொள்வோம். புதிதாக இருந்தபோது ஏறக்குறைய 1 கோடி ரூபாய் பெற்ற வாகனம் அது. ஒரு காலத்தில் ஆலை அதிபர்களும் அமைச்சர்களும் அமர்ந்த அந்த இருக்கை, இன்று நம் போன்றோரின் கைக்கெட்டும் விலைக்கு வந்து நிற்கிறது. “இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா?” என்று தரகர் கேட்கிறார். கேட்பவர் மனமும் கரைகிறது.

இது வாய்ப்பன்று, பெரும்பாலோர்க்கு இது பொறி என்பதே நம் கருத்து. விலை என்பது விற்பவருக்கு நாம் ஒருமுறை கொடுப்பது. செலவு என்பது வாகனம் நம்மிடம் ஓயாது கேட்பது. முன்னது இறங்கிவிட்டது, பின்னது இறங்கவில்லை. கோடி ரூபாய்க் காராகப் பிறந்தது கோடி ரூபாய்க் காராகவே பழுதாகிறது. உதிரிப் பாகத்தின் விலைப்பட்டியல், வாங்குபவர் முதல் உரிமையாளரா நான்காம் உரிமையாளரா என்று விசாரிப்பதில்லை.

வாகனத்தின் உள்ளமைப்பைச் சற்று நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். இந்தக் காரில் சாதாரண இரும்புச் சுருள்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகளே உடலைத் தாங்குகின்றன. குண்டும் குழியும் தெரியாமல் மிதந்து செல்லும் அந்தச் சுகத்தின் இரகசியம் அதுவே. ஆனால் ரப்பருக்கு முதுமை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது வெடிப்புற்று, காற்று மெல்லக் கசிகிறது. இரவில் நிமிர்ந்து நின்ற கார், காலையில் ஒரு மூலை தாழ்ந்து படுத்திருக்கும். கசிவை ஈடுசெய்ய, காற்றை நிரப்பும் கம்ப்ரசர் ஓயாமல் இயங்கி, இறுதியில் தானும் எரிந்துபோகும். ஒன்றைப் பழுதுபார்க்கத் தயங்கியவர் இரண்டுக்குப் பணம் கட்டுகிறார்.

டீசல் வகையைப் பாருங்கள். 3 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட அதன் இயந்திரத்தில், ஆயில் கூலர் இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் புதைந்திருக்கிறது. அதன் ரப்பர் சீல்கள் காலப்போக்கில் இறுகி எண்ணெயைக் கசியவிடுவது பழுதுபார்ப்போர் அனைவரும் அறிந்த குறை. சீல் மிக மலிவானது. ஆனால் அதைத் தொடுவதற்கு முன் மேலிருக்கும் டர்போவையும் காற்றுக் குழாய்த் தொகுதியையும் கழற்றி எடுத்தாக வேண்டும். பொருளுக்குச் சில நூறு, உழைப்புக்குப் பல்லாயிரம் என்பதே இங்குள்ள கணக்கு.

இதற்கு முந்தைய தலைமுறையில், அதாவது 1998 முதல் 2005 வரை வந்த எஸ்-கிளாஸில், இன்னொரு பாடம் உண்டு. அதன் ஐந்து வேகத் தானியங்கி கியர்பாக்ஸில் ஊற்றிய எண்ணெய் வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் நிறுவனமே அக்கூற்றைக் கைவிட்டு, குறித்த தூரத்தில் எண்ணெயை மாற்றுமாறு அறிவுறுத்தியது. வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்? முதல் உரிமையாளர் வைத்திருந்த காலம் எளிதாகக் கழிந்தது. எண்ணெய் மாற்றாது விட்டதன் விளைவு, மூன்றாவதாக வாங்கியவரின் தலையில் விடிந்தது.

இக்கார்கள் இவ்வளவு மலிவாக நம் பக்கம் வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 ஆண்டுகள் என்னும் வரம்பை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025-இல் அந்நீதிமன்றமே இவ்விதியைச் சற்றுத் தளர்த்தியிருப்பினும், இடைப்பட்ட ஆண்டுகளில் தில்லிச் சாலைக்கு ஆகாதவை பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்டன, தமிழ்நாட்டுக்கும் வந்தன. தடையின்மைச் சான்றிதழ், இங்கே மறுபதிவு, சாலை வரி ஆகியவற்றைத் தரகர் கடைசியில்தான் சொல்வார். 15 ஆண்டு நிறைந்ததும் தகுதிச் சோதனைக்குப் பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே விடுவார்.

நம்மை மறுப்போர் ஒரு வலுவான வாதத்தை முன்வைப்பர். “குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்புக்காகவே பெரிய காரை நாடுகிறோம்” என்பர். இதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு பிரேக் அமைப்பு 1978-இல் எஸ்-கிளாஸ் வழியாகவே விற்பனைக்கு வந்தது. ஓட்டுநருக்கான காற்றுப்பையும் 1980-களின் தொடக்கத்தில் அவ்வகைக் காரிலேயே இடம்பெற்றது. ஆயினும் பாதுகாப்பு என்பது காரின் பெயரிலா இருக்கிறது, பராமரிப்பிலா? பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும் தன்மையது; காலந்தவறாமல் மாற்றாவிடில் நெடிய மலையிறக்கத்தில் கைவிட்டுவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்கள் அது எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்பதைச் சொல்கின்றன. நான்கு டயர்களின் விலையைக் கேட்டு மலைத்து, காய்ந்து வெடித்த டயரோடு இரண்டு டன் எடையை நெடுஞ்சாலையில் விரட்டுபவர், தம் மக்களை மட்டுமா ஆபத்தில் தள்ளுகிறார்? எதிரே மிதிவண்டியில் வரும் கூலித் தொழிலாளியையும் சேர்த்தன்றோ!

பழைய காரை நாம் பழிக்கவில்லை. ஒரு பொருளை வீசியெறியாமல், அதன் இயல்பை அறிந்து, பொறுமையோடு பேணிக் காப்பது உயர்ந்த பண்பு. முப்பதாண்டுக் காரை நேற்று வாங்கியதுபோல் வைத்திருப்போரை நாம் மதிக்கிறோம். அவர்கள் பொருளை நேசிக்கிறார்கள். நாம் சாடுவது பொருளை நேசிக்காமல், பிறர் பார்வையை மட்டும் நேசிக்கும் மனப்போக்கை. திருமண மண்டப வாசலில் இறங்கும்போது நான்கு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாங்கப்படும் கார், மறுநாள் காலையில் பணிமனைக்குச் செல்லும்போது பார்ப்பதற்கு யாரும் இருப்பதில்லை.

அந்தப் பார்வைக்கு விலை கொடுப்பவர் யார்? வாங்கியவர் மட்டுமல்லர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்த சீட்டுப் பணம் கம்ப்ரசருக்குப் போகிறது. மனைவியின் வளையல் கியர்பாக்ஸுக்காக அடகுக் கடையில் தங்குகிறது. மெக்கானிக்குக் கூலி பாக்கி நிற்கிறது. அவரும் மனிதர்தாம், அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும் என்பது மறந்துபோகிறது. குடும்பத்தார் கூடிப் பேசாமல் ஒருவரின் பெருமைக்காகச் செய்யும் செலவை, எவ்வளவு தள்ளுபடியில் செய்தாலும், சிக்கனம் என்று நம் மனச்சான்று ஏற்காது.

எனவே நாம் சில வரையறைகளை முன்வைக்கிறோம். கடன் வாங்கி முதிய சொகுசுக் காரை வாங்க வேண்டாம். வாங்கும் விலைக்கு நிகரான தொகையைப் பழுதுக்கெனத் தனியே எடுத்து வைக்க இயலாதவர் அந்த எண்ணத்தையே விட்டுவிடட்டும். இயன்றவரும், காரை ஓரிரவு முழுதும் நிறுத்தி வைத்துக் காலையில் அதன் உயரத்தைப் பார்க்கட்டும். அந்நிறுவனக் கார்களில் பழகிய மெக்கானிக்கைக் கொண்டு, உரிய மின்னணுக் கருவியால் சோதித்தறியட்டும். பராமரிப்பு ஏடு இல்லாத காரை, “ஒரே கை, டாக்டர் ஓட்டியது” என்னும் சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். விற்போருக்கும் ஒரு சொல்: தெரிந்த குறையை மறைத்து விற்பது திறமையன்று, திருட்டு.

தம் வருவாயால் தாங்கக்கூடிய சிறு காரை நல்ல டயரோடும் நல்ல பிரேக்கோடும் ஓட்டுபவர், எந்த மண்டப வாசலிலும் தலைநிமிர்ந்து இறங்கலாம். அவரைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லாதிருக்கலாம். ஆனால் அவர் வீட்டார் இரவில் நிம்மதியாக உறங்குவர்.