தடுப்புச் சுவரில் ஒரு துளை
கட்டடக் கலைஞர்களுக்கான தொழில் மேம்பாட்டுப் பயிலரங்குகளில் ‘மீள்திறன்’, அதாவது பேரிடரைத் தாங்கி மீண்டெழும் ஆற்றல், என்னும் சொல் இன்று ஓயாமல் ஒலித்தாலும், 2009 நவம்பரில் ஒரே நாளில் 82 செ.மீ. மழையைக் கண்ட, நீலகிரி மலையிலுள்ள கேத்தியின் சரிவுகள் கற்பிக்கும் பாடம் எளியது: மலையில் வீட்டைச் சாய்ப்பது பெரும்பாலும் மண்ணுக்குள் தேங்கும் நீரே. நீலகிரியில் கட்டட உயரத்தை 7 மீட்டருக்குள் அடக்கும் விதி, மனைக்காகச் சரிவைச் செங்குத்தாக வெட்டுவதையும் ஓடையை மூடுவதையும் தானாகத் தடுத்துவிடாது. வெட்டிய மண்ணைத் தாங்க எழுப்பப்படும் தடுப்புச் சுவரில், உள்நீர் வடிவதற்கென விடப்படும் சிறு குழாய்த் துளைகள் அடைபட்டால், ஈரமண்ணின் எடையோடு நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரையே தள்ளிவிடும். ஆகவே, மேம்பாட்டுப் பயிற்சி அரங்கத்துத் திரையோடு முடிந்துவிடாமல், ஐப்பசி மழையில் குன்னூர்ச் சரிவொன்றில் நின்று அத்துளைகளில் நீர் வடிகிறதா என்று பார்ப்பதில் தொடங்க வேண்டும்.