ஆனந்தமும் அடிபட்ட மூளையும்

திண்டுக்கல் சமவெளியில் வசிப்பவர்களுக்கு ரஸ்தாக்களைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கரூரிலிருந்து மதுரைக்கு ஓடும் பெருஞ்சாலை ஒன்று. திருச்சியிலிருந்து வந்து பழனி வழியாகக் கோயமுத்தூர்ப் பக்கம் போவது மற்றொன்று. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரிகள் மலையாளத்தை நோக்கி விரைகின்றன. வேடசந்தூர் மில் ஆட்களை ஏற்றிய வண்டிகள் ஷிப்டு நேரத்துக்குப் பறக்கின்றன. தைப்பூசம் வந்துவிட்டாலோ, இரவெல்லாம் பாதயாத்திரைக்காரர்கள். இவ்வளவுக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் செல்லும் நம் வாலிபர்கள், தலைக்கவசத்தைத் தலையைத் தவிர மற்ற எந்த இடத்திலும் மாட்டிக் கொள்ளத் தயாராயிருக்கிறார்கள்!

தலையில் அடிபட்டவுடன் நேரும் சேதம் ஒரு பங்கு என்றால், பின்னால் வருவது மற்றொரு பங்கு. நசுங்கிய நரம்பணுக்களிலிருந்து க்ளூடமேட் என்னும் ரசாயனம் அளவுக்கு மீறி வெளிப்படுகிறது. அது பக்கத்து அணுக்களைத் தூண்ட, அவற்றுள் கால்ஷியம் வெள்ளமாய்ப் புகுகிறது, அவையும் மடிகின்றன. மூளை வீங்குகிறது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காதாகையால், வீங்கிய மூளை தன்னைத்தானே நெரித்துக் கொள்கிறது. தீப்பிடித்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக் கூரைக்கு நெருப்புத் தாவுவது போன்றதுதான் இது. எரிந்த வீட்டை மீட்க முடியாது. அடுத்த வீட்டையாவது காப்பாற்றலாமல்லவா? இந்த இரண்டாவது சேதத்தைத் தடுக்கும் மருந்தைத் தேடித்தான் உலகத்து வைத்தியர்கள் பல வருஷங்களாக அலைகிறார்கள். அந்தத் தேட்டத்தில் அவர்கள் தட்டிய கதவுகளில் ஒன்று, கஞ்சாச் செடியின் கதவு.

சித்த வைத்தியர்கள் இதற்குச் சிவமூலி என்று பெயரிட்டிருக்கிறார்கள். மேல்நாட்டு வைத்தியத்துக்குள் இது நுழைந்ததும் நம் தேசத்து வழியாகவே. கல்கத்தா மெடிகல் காலேஜில் ரசாயன ஆசிரியராயிருந்த ஓஷானஸி என்ற ஐரிஷ்காரர், 1839-ம் வருஷத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். (இவரேதான் பிற்பாடு இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவர்!) முதலில் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். பிறந்து நாற்பது நாளான ஒரு குழந்தையின் இழுப்பு இதனால் நின்றதென்று எழுதியிருக்கிறார். நாய்க்கடி விஷம் ஏறியவரை இது பிழைக்க வைக்கவில்லை, வேதனையைத்தான் குறைத்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். இப்படி ஒளிக்காமல் எழுதிய குணத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

செடியில் மயக்கம் தருவது எது என்பது 1964-ல்தான் தெளிவாயிற்று. ஜெருசலத்துப் பேராசிரியர் மெச்சூலமும் அவருடைய சகாக்களும் டி.எச்.சி. என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது சென்று பொருந்தும் பூட்டு ஒன்று இருப்பதை 1988-ல் அமெரிக்காவில் கண்டார்கள். யாரோ வளர்க்கும் செடிக்காக நம் மூளை பூட்டுச் செய்து வைத்திருக்குமா? திண்டுக்கல் பூட்டுக்காரரைக் கேட்டால், பூட்டு இருந்தால் சொந்தச் சாவியும் இருந்தாக வேண்டுமென்று சொல்லிவிடுவார். அந்தச் சாவி 1992-ல் பன்றியின் மூளையிலிருந்து அகப்பட்டது. அதற்கு இட்ட பெயர் ‘ஆனந்தமைடு’. நம்முடைய ஆனந்தமேதான், ஸமஸ்கிருதத்திலிருந்து எடுத்து வைத்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 2-ஏ.ஜி. என்று சுருக்கமாக வழங்கும் இரண்டாவது சாவியும் கிடைத்தது. 2001-ல் அதே ஜெருசலத்து ஆராய்ச்சியாளர்கள், தலையில் அடிபட்ட சுண்டெலிகளின் மூளையில் இந்தப் பொருள் தானாகவே பெருகுவதைக் கண்டார்கள். வெளியிலிருந்து மேலும் கொடுத்தபோது வீக்கம் குறைந்தது. அணுக்கள் குறைவாகவே மடிந்தன. எலிகள் சீக்கிரம் தேறின. க்ளூடமேட் பொங்குவதை அடக்குவதும், அழற்சியைத் தணிப்பதும் இதன் வேலை என்பது அவர்கள் கொள்கை.

எலி பிழைத்தது, மனிதன்? டெக்ஸனாபினால் என்று ஒரு மருந்து. கன்னாபினாய்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப்போல இடம் வலம் மாறிய உருவம் கொண்டது. ஆகவே மயக்கம் தராது. க்ளூடமேட் திறக்கும் வாயிலை அடைக்கும். 15 நாடுகளில் 86 ஆஸ்பத்திரிகளில், பலமாக அடிபட்ட 861 பேர்களை இந்தப் பரீட்சையில் சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெற்றுத் திரவம். ஆறு மணி நேரத்துக்குள் ஒரே ஊசி. 2006-ல் முடிவு அச்சாயிற்று. ஆறு மாதத்துக்குப் பின் மோசமான நிலையிலிருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 50, பெறாதவர்களில் 51. அவ்வளவுதான். இத்தனை வருஷ நம்பிக்கைக்குக் கிடைத்த வித்தியாசம் ஒன்று!

இப்படிப் பரீட்சை செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு மருந்து நல்லதென்று வெகுகாலம் உலகெங்கும் கொடுத்து வந்தார்கள். பதினாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2004-ல் வந்தபோது, இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 21, பெறாதவர்களில் 18 என்று தெரிந்தது.

கஞ்சாவின் கட்சிக்காரர்கள் இப்போது காட்டுவது 2014-ல் கலிபோர்னியாவில் வெளியான கணக்கு ஒன்றை. மூளையில் அடிபட்டு வந்த 446 பேர்களில், சிறுநீரில் டி.எச்.சி. இருந்தவர்களில் நூற்றுக்கு 2.4 பேரும், இல்லாதவர்களில் 11.5 பேரும் இறந்தார்களாம். படித்தவுடன் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டி எடுத்த கணக்கு. யாருக்கும் மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததல்ல. கஞ்சா பிடிப்பவர்கள் பெரும்பாலும் இளவயதினர். இளவயதினர் பிழைப்பது அதிகம். வயது முதலியவற்றுக்கு ஈடு செய்து பார்த்தோமென்று எழுதியவர்கள் சொல்கிறார்கள். என்றாலும், கணக்கில் ஈடு செய்வது வேறு, சீட்டுப் போட்டுப் பிரித்துப் பரீட்சிப்பது வேறு.

இவ்வளவு விவரமாக எழுதக் காரணம், நமக்கு வந்த ஒரு கடிதம். மகன் வண்டியிலிருந்து விழுந்து பிழைத்தான்; பேச்சுத் தடுமாறுகிறது, மறதி, தொட்டதற்கெல்லாம் கோபம்; கஞ்சா எண்ணெய் மூளையைக் கட்டுமென்று ஒருவர் புட்டி விற்கிறார், நம் முன்னோர் அறிந்ததை வெள்ளைக்காரன் இப்போதுதான் ஒப்புக்கொள்கிறானாமே, வாங்கலாமா என்று ஒரு தாயார் கேட்கிறார்.

முன்னோர் பெருமையில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். ஆனால், பெருமை மருந்தாகாது. ஞாபகத்தையும் கவனத்தையும் மங்கச் செய்வது டி.எச்.சி.யின் குணம், அந்தப் பிள்ளைக்கு ஏற்கனவே குறைந்திருப்பவையும் அவையே. மயக்கம் தராத சி.பி.டி. என்ற சரக்கு, குழந்தைகளுக்கு வரும் கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது உண்மை. தலைக்காயத்துக்கு அப்படி எந்தக் கன்னாபினாய்டும் அங்கீகாரம் பெறவில்லை. அன்றியும், சி.பி.டி. கல்லீரலில் மற்ற மருந்துகள் கரையும் வேகத்தை மாற்றுவது. க்ளோபஸாம் போன்ற வலிப்பு மருந்துடன் சேர்ந்தால் பையன் தூங்கி வழிவான். வால்ப்ரோயேட்டுடன் சேர்ந்தால் கல்லீரலுக்கே கெடுதல் நேரலாம். ஆகவே, வாங்க வேண்டாம்; முன்பே வாங்கிக் கொடுத்திருந்தால் கோபித்துக் கொள்வாரென்று பயப்படாமல் புட்டியோடு டாக்டரிடம் காட்டவும் என்று பதில் எழுதியிருக்கிறோம். பேச்சுப் பயிற்சியையும் கைகால் பயிற்சியையும் நிறுத்த வேண்டாம் என்றும் எழுதினோம். வாரந்தோறும் பஸ் ஏறி அலைவது கஷ்டந்தான். ஆனால் மாதங்கள் கழித்தும் மூளை தேறுவதுண்டு.

அடிபட்டவுடன் செய்யவேண்டியதை எல்லோருமே தெரிந்து வைத்திருப்பது நலம். விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது உண்டு. திண்டுக்கல்லுக்கே 2022 ஜனவரியில் சர்க்கார் மெடிகல் காலேஜ் வந்துவிட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரி சுமார் அறுபது கிலோமீட்டர். 108-க்கு டெலிபோன் செய்யுங்கள். விழுந்து கிடப்பவரின் கழுத்தைத் திருப்பித் தண்ணீர் புகட்ட முயலாதீர்கள்.