கரையிறங்கிய குதிரையும் வராத லாடக்காரரும்



ஓட்டப்பிடாரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதம் நம் கைக்குக் கிடைத்தது. அவருடைய கணவர் 16 ஆண்டுகளாக வளைகுடா நாடொன்றில் உழைத்து வருகிறார். ஊரில் பன்னிரண்டு ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. மக்காச்சோளமும் உளுந்தும் விளைகின்றன. இனியாவது குடும்பத்தோடு இருக்க வேண்டும், சொந்தமாக ஒரு டிராக்டர் வாங்கித் தம் நிலத்தை உழுவதோடு வாடகைக்கும் ஓட்டிப் பிழைக்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. ஜப்பானில் ஓடிய பழைய டிராக்டர் ஒன்றைப் புதியதன் விலையில் பாதிக்கும் குறைவாக வரவழைத்து, தூத்துக்குடித் துறைமுகத்திலேயே ஒப்படைப்பதாகத் தரகர் ஒருவர் அவரிடம் கூறியிருக்கிறார். கைப்பேசியில் படங்களும் வந்துவிட்டன. பாதித் தொகையை முன்பணமாக அனுப்ப வேண்டுமாம். மகளின் திருமணத்திற்கென்று எடுத்து வைத்த நகையை விற்று அனுப்பலாமா என்பதே அச்சகோதரியின் கேள்வி.

இந்த ஆசையைக் குறை கூறுவதற்கில்லை. மானாவாரிக் கரிசலில் மழை விழுந்த பின் ஈரம் நிற்பது சில நாட்களே. அந்த நாட்களில் ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் தேவைப்படும். முறை வரும்வரை காத்திருந்தவன் ஈரத்தை இழப்பான். ஈரத்தை இழந்தவன் அந்த ஆண்டின் விளைச்சலை இழப்பான். பழைய பொருளை வாங்குவதும் இழிவன்று. நம் ஊர்களில் கைமாறாத டிராக்டர் எத்தனை இருக்கிறது? ஆனால் பக்கத்து ஊரில் பார்த்து வாங்குவதும், கடலுக்கு அப்பால் இருந்து பாராமல் வாங்குவதும் ஒன்றல்ல. இந்தக் கடற்கரைக்கே இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, தாமிரபரணிக் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து தங்கின. பாண்டிய அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார். ஆனால் ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட உயிரோடு மிஞ்சவில்லை என்கிறார் அவர். காரணம் என்ன? குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. லாடம் அடித்து நோய் பார்க்கும் ஆட்களும் இல்லை. அத்தகைய ஆட்கள் இந்நாட்டிற்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும், குதிரைகள் மடிய மடியத்தான் அவர்களுடைய வியாபாரம் நடந்தது என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

அந்தக் கடல் வாணிகம் நம் முன்னோர்களின் பெருமை என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். பேசலாம். மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டு உண்மையாக இருந்தால், அதிலுள்ள பாடத்தையும் நாமே முதலில் படிக்க வேண்டும். குதிரை கரையிறங்கியது, லாடக்காரர் வரவில்லை. டிராக்டரின் ஆற்றலை இன்றும் குதிரைத்திறன் என்றுதானே அளக்கிறோம்? எல்லை கடந்து வரும் பழைய இயந்திரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: இதனுடன் லாடக்காரர் வருகிறாரா?

சுதந்திர இந்தியாவும் பழைய டிராக்டரில்தான் தொடங்கியது. 1947ஆம் ஆண்டில் மத்திய டிராக்டர் நிறுவனம் அமைக்கப்பட்டபோது, இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற சுமார் 200 டிராக்டர்களே அதன் கைமுதல். 'கான்ஸ்' என்னும் ஆழ வேரோடும் புல் மண்டிப்போன மத்திய இந்திய நிலங்களை உழுது மீட்பது அதன் பணி. அப்பணியைப் பெருக்குவதற்குப் புதிய கனரக டிராக்டர்கள் தேவைப்பட்டன. 1949ஆம் ஆண்டில் உலக வங்கியிடம் ஒரு கோடி டாலர் கடன் பெற வேண்டியதாயிற்று. பட்டறையும் பொறியாளர்களும் கருவூலமும் கொண்ட ஓர் அரசாங்கம் பழைய இயந்திரத்தோடு தொடங்கலாம். அது போதாதபோது கடன் வாங்கிப் புதியது வாங்கலாம். பன்னிரண்டு ஏக்கரும் ஒரு நகைப்பெட்டியும் மட்டுமே உள்ள குடும்பத்திற்கு அந்த இரண்டாம் வாய்ப்பு ஏது?

ஜப்பானியப் பழைய டிராக்டர்களைப் பற்றியே ஒரு பெரிய வழக்கு அமெரிக்காவில் நடந்தது. ஜப்பானிய உழவர்கள் பயன்படுத்திய குபோட்டா டிராக்டர்களைச் சில வணிகர்கள் அங்கே வாங்கி, அமெரிக்காவிற்குக் கொண்டு வந்து விற்றார்கள். அவை போலிச் சரக்கல்ல. அதே நிறுவனம் செய்த அசல் இயந்திரங்களே. ஆயினும் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் 1997ஆம் ஆண்டில் அவற்றுக்குத் தடை விதித்தது. 1999ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தடை சரியே என்றது. ஜப்பானிய உழவருக்கென்று செய்த டிராக்டரும் அமெரிக்க உழவருக்கென்று செய்த டிராக்டரும் ஒரே பெயரைத் தாங்கினாலும் ஒன்றல்ல என்பது அதன் சாரம். எச்சரிக்கை வாசகங்களும் இயக்கும் குறிப்புகளும் ஜப்பானிய மொழியில் இருந்தன. உதிரிபாகங்களிலும் வேறுபாடு இருந்தது. விற்பனைக்குப் பிந்தைய பராமரிப்பும் அமெரிக்க மாதிரிக்குக் கிடைப்பது போல் இதற்குக் கிடைக்கவில்லை.

எச்சரிக்கை வாசகத்தைச் சிறிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். டிராக்டரின் பின்னால் சுழன்றுகொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டு ஒரு கணத்தில் கைலியின் நுனியையோ தாவணியையோ சுற்றி இழுத்துவிடும். எந்த நெம்புகோலைத் தொட்டால் அது நிற்கும் என்பது வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தால், ஓட்டுகிற பிள்ளையின் கதி என்ன? மலிவாக வாங்கிய பொருளுக்கு ஒரு கையை விலையாகக் கொடுக்கவா இத்தனை ஆண்டு சபராளியாக உழைத்தார் அந்தச் சகோதரர்?

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். சுங்க அட்டவணையில் நெல் அறுவடை இயந்திரம் 84ஆம் அத்தியாயத்தில் வருகிறது. டிராக்டரோ 87ஆம் அத்தியாயத்தில், வாகனங்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பயன்படுத்திய வாகனங்களின் இறக்குமதிக்கு 2001ஆம் ஆண்டில் வழிவிடப்பட்டபோதே கடுமையான நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன. வாகனம் செய்யப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கப்பலேறும் முன்பே தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். மும்பைத் துறைமுகத்தின் வழியாகவே வர வேண்டும். இருபது ஆண்டு ஓடிய டிராக்டரைத் தூத்துக்குடியில் இறக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், இந்த நிபந்தனைகளை அவர் அறியாதவராக இருக்க வேண்டும். அல்லது அறிந்தும் மறைப்பவராக இருக்க வேண்டும். இரண்டில் எதுவாயினும் அவரிடம் முன்பணம் கொடுப்பது தகாது.

வரியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தரகர் கூறும் விலைக்குத்தான் சுங்க வரி என்று பலர் எண்ணுகிறார்கள். விலைச்சீட்டில் ஐயம் எழுந்தால் அதிகாரிகள் இயந்திரத்தின் மதிப்பைத் தாமே கணிப்பார்கள். பட்டயப் பொறியாளரின் ஆய்வறிக்கையும் கேட்பார்கள். 1987ஆம் ஆண்டில் சுங்க வாரியம் வகுத்து, நெடுங்காலம் கையாளப்பட்டு வந்த தேய்மானக் கணக்கு ஒன்று உண்டு. முதல் ஆண்டிற்கு 16 விழுக்காடு, இரண்டாம் ஆண்டிற்கு 12, மூன்றாம் ஆண்டிற்கு 10, அதன்பின் ஆண்டிற்கு 8 என்று கழிக்க வேண்டும். ஆனால் மொத்தக் கழிவு 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதாவது இயந்திரம் எத்தனை பழையதானாலும், புதிதாக இருந்தபோது அதற்கிருந்த மதிப்பில் நூற்றுக்கு முப்பது பங்காவது மதிப்பாக நிற்கும். வரி அதன்மேல் விழும். வாங்கிய விலை அதைவிடக் குறைவாக இருப்பதால் மட்டும் வரி குறைந்துவிடாது. அதற்குள் துறைமுகத்தில் தேங்கும் நாட்களுக்குக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சரக்கும் பழைய இயந்திரத்தோடு வருகிறது. அதுதான் மண். கலப்பையின் இடுக்கிலும் சக்கரத்தின் வரிப்பள்ளத்திலும் ஒட்டியிருக்கும் பிடி மண்ணில் களைவிதையும் நூற்புழுவும் பூஞ்சையும் உயிரோடு பயணம் செய்யும். பயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ், பயன்படுத்திய வாகனங்களும் இயந்திரங்களும் நாடு விட்டு நாடு செல்வதற்கென்றே 2017ஆம் ஆண்டில் ஒரு தனி நெறிமுறை ஏற்கப்பட்டது. நன்கு கழுவி, மண்ணும் விதையும் நீக்கி அனுப்ப வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. நம் நிலங்களைப் பாழ்படுத்தும் பார்த்தீனியச் செடியை நீங்கள் அறிவீர்கள். இங்கே அது வெளிநாட்டுக் கோதுமையோடு வந்தது என்பார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கோ இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இயந்திரச் சாமான்களோடு வந்திருக்க வேண்டும் என்று அங்குள்ள அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒருவர் வீட்டுக்கு வரும் டிராக்டர் ஊரார் நிலத்துக்கெல்லாம் கேடு கொண்டு வரக்கூடும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி அதிகம் பேசுகிற நாம் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்புச் சகோதரி! தங்கள் கேள்விக்கு நம் பதில் இதுதான். நகையை விற்க வேண்டாம். முன்பணமும் அனுப்ப வேண்டாம். அந்த நகை தங்களுடைய சொத்து. தாங்கள் மனமுவந்து கொடுத்தாலன்றி அதைக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தங்கள் கணவரிடம் கோபமின்றி இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: இயந்திரம் எந்த ஆண்டில் செய்யப்பட்டது? அதே மாதிரி இந்தியாவில் விற்கப்படுகிறதா? அதன் வடிகட்டியும் கிளட்ச் தட்டும் திருநெல்வேலியிலோ மதுரையிலோ கிடைக்குமா? இன்றைய விதிப்படி அது எந்தத் துறைமுகத்தில் இறங்கலாம்? எவ்வளவு வரி? இங்கே அதைப் பதிவு செய்ய முடியுமா? கடைசி மூன்றையும் தரகரிடம் கேட்காமல் உரிமம் பெற்ற சுங்க முகவரிடம் கேட்டு, எழுத்தில் பெற வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கு விடை வராவிட்டாலும் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடுங்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15 முதல் நடந்து வருகிறது. அதன்கீழ் புதிய இயந்திரம் வாங்கச் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண் விவசாயிகளுக்கும் உச்சவரம்பிற்கு உட்பட்டு 50 விழுக்காடு வரையிலும், மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரையிலும் மானியம் உண்டு. நிலம் தங்கள் பெயரில் இருந்தால் விண்ணப்பமும் தங்கள் பெயரிலேயே போகலாம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கும் விடுகிறது. சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமென்றால் அண்டை நிலத்தார் நால்வரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது தம் வீட்டு நகையை மட்டும் நம்பவில்லை. பங்கு ஒன்று 25 ரூபாய் என்று ஊரெங்கும் திரட்டினார். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பலர் சேர்ந்தால் இலாபம் பங்காகும். நட்டம் வந்தாலும் ஒரே வீட்டை அழிக்காது.

வெளிநாடுகளிலிருந்து பழைய இயந்திரங்களைத் தருவித்துத் தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தொழில் ஹலாலானது, தேவையானதும்கூட. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த பெருமானார் (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருக்கக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியாததன்று. டிராக்டருக்கும் அதுதான் சட்டம். எஞ்சின் பிரித்துக் கட்டியதா, சொல்லுங்கள். உதிரிபாகம் கிடைக்காதா, அதையும் சொல்லுங்கள். புதிய வண்ணம் பூசி அடியிலிருக்கும் ஈரத்தை மறைக்காதீர்கள்.

பழைய காயலில் இன்று குதிரைக் கப்பல் வருவதில்லை. ஆனால் வளைகுடாவிலிருந்து ஊருக்குத் திரும்பும் பணம் வந்துகொண்டே இருக்கிறது. அதை எதிர்பார்த்துக் காத்திருப்போரும் பலர். குதிரையை விற்கிறவர் லாடக்காரரையும் காட்டட்டும். அதன்பின் விலை பேசுவோம். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத்தை அருள்வானாக. வஸ்ஸலாம்.