கடைமடை நம் அடுப்படி



போர்னியோ தீவின் மத்திய கலிமந்தானில் விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்கடியில் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து மண்ணாகியிருக்கின்றன. சில இடங்களில் பத்து மீட்டர் ஆழம். பீட் என்பது இதுதான். நீர் நிற்கும்வரை அது காட்டைத் தாங்கும் நிலம்; நீரை வடித்தால் வெறும் விறகு.

அந்த நீரை வடித்தார்கள். 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்க 1995-இல் ஆணையிட்டார் இந்தோனேசியாவின் அன்றைய அதிபர் சுகார்த்தோ. 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. 1997 வறட்சியில் மண்ணே பற்றி எரிந்தது. திட்டத்தைக் கைவிட்டவர்கள் கால்வாய்களை அப்படியே விட்டுப் போனார்கள். பின்னாலேயே எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வந்தன.

2015-இல் இந்தோனேசியா முழுவதும் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. உலக வங்கி கணக்கிட்ட இழப்பு 1,600 கோடி டாலர். மத்திய கலிமந்தானின் பாலங்கராயா நகரத்துப் பிள்ளைகள் மஞ்சள் புகையில் மூச்சுத் திணறினார்கள். பிரம்பையும் ரப்பரையும் ஆற்று மீனையும் நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளான டயாக் மக்கள் தோப்புகளை இழந்தார்கள்; தீ வைத்த பழியும் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

நமக்கென்ன என்று இருக்க முடியுமா? அந்தப் பனையின் எண்ணெயான பாமாயிலை உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்வது இந்தியா. பெரும்பங்கு வருவது இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும். ரேஷன் கடை பாக்கெட்டில் அது எந்த மண்ணில் விளைந்தது என்று எழுதியிருக்காது. அந்தக் கால்வாய்களின் கடைமடை நம் அடுப்படி!

ஏழையின் வாணலி மீது குற்றம் சொல்ல வரவில்லை. வாங்கும் அரசைக் கேட்கிறோம், விற்கும் வியாபாரியைக் கேட்கிறோம்:

காட்டை அழித்து, பீட் நிலத்தை வடித்து விளைந்த எண்ணெயை வாங்க மாட்டோம் என்று டெண்டரிலேயே எழுது!

எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று ஊரறியச் சொல்!

நம் உழவர்கள் கேட்கிறபடி தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் ரேஷன் கடைக்குக் கொண்டு வா!

தோழர்களே, அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாக்குங்கள். சங்கக் கூட்டங்களில் பேசுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் அம்மாக்களிடம் கையெழுத்து வாங்குங்கள். தாமதிக்க நேரமில்லை; ஒவ்வொரு கோடையிலும் அந்த மண் இன்னும் காய்கிறது.

அங்கே ஊர்மக்கள் மரக்கட்டையும் மண்மூட்டையும் போட்டுக் கால்வாயை அடைத்து, நீரை மீண்டும் தேக்குகிறார்கள். தலைமடையை அவர்கள் அடைக்கட்டும்.

கடைமடையை நாம் அடைப்போம், வாருங்கள்!