மறுபுறத்தைப் பாருங்கள்!



உம்மம்மாவின் பெட்டியிலிருந்து வந்த காஷ்மீர்ச் சால்வை ஒன்று உங்கள் இல்லத்தில் இருக்கக்கூடும். கந்தையென்று எண்ணி அதைப் பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பழஞ்சால்வை எனக் கூறி எவரேனும் பெருந்தொகை கேட்டால், உடனே எடுத்தும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அதன் மறுபுறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

'கானி' எனப்படும் காஷ்மீர் நெசவில், ஒவ்வொரு வண்ண இழையும் தனித்தனி மரக்குச்சியில் சுற்றப்பட்டிருக்கும். தனக்குரிய பூவின் எல்லைக்குள் மட்டுமே அது சென்று திரும்பும். இரு நிறங்கள் கோத்துக்கொள்ளும் இடத்தில் மறுபுறத்தில் சிறு மேடு தென்படும். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரிலும் பிரான்சிலும் ஜாக்கார்டு தறியில் நெய்யப்பட்ட சால்வைகளிலோ, வண்ண இழைகள் அகலம் முழுவதும் ஓடும். பின்புறத்தில் அவை மிதந்து கிடக்கும், அல்லது கத்தரிக்கப்பட்டிருக்கும்.

ஒட்டுத் தையலைக் குறையென ஒதுக்காதீர்கள். அக்காலத்தில் ஒரே சால்வையின் பகுதிகளைப் பல தறிகளில் நெய்து, 'ரஃபூகர்' எனும் கைவினைஞர்கள் நுட்பமாக இணைத்தனர்.

மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுவது சான்றாகாது. மெல்லிய செயற்கைத் துணியும் நுழையும். குஞ்சத்தின் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வீசிச் சாம்பல் பொடிந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகி மணிபோல் இறுகினால் செயற்கை இழை. ஆயினும் இச்சோதனை துணியின் வயதைக் கூறாது. 'ஷாதூஷ்' என்று எவரேனும் விற்க வந்தால் விலகிவிடுங்கள். சீரு மான்களைக் கொன்று எடுக்கும் அந்த ரோமத்தின் வணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

இனிப் பராமரிப்பு. கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சியன்று, அதன் புழுவே. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடத்தையே அது பெரிதும் நாடும். ஆதலால் அழுக்குடன் மடித்து வைக்காதீர்கள். துவைக்குமுன் ஈரமான வெள்ளைத் துணியை ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வீட்டில் நனைக்க வேண்டாம். ஒட்டாவிடில் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் கிடத்தி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தால் வடிவம் இழுபடும்.

நன்கு உலர்ந்தபின் வெள்ளைப் பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். அந்துருண்டை சால்வையைத் தொடலாகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறி, மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் அவ்விடத்தில் இழை அறும்.

பெயர் தெரியாத நெசவாளர்கள் மாதக்கணக்கில் கண் வருத்தி நெய்தது அது. நம் கையில் அது ஓர் அமானிதம். பழுதின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போம்.