மண்வெட்டி யார் கையில்?

நோய் கண்டவன் வைத்தியரின் வாசலில் நின்று, "இவர் எங்கே படித்தவர்?" என்று கேட்கிறான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற் சேர்க்கும் தந்தை ஆசிரியரின் தகுதியை விசாரிக்கிறான். கிணறு வெட்டக் கூலிக்கு ஆள் பிடிக்கும்போதுகூட, "இவன் முன்பு எங்கே வெட்டினான்?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். ஆனால், ஒரு மக்கட் கூட்டத்தின் ஈராயிரம் ஆண்டு வரலாற்றைத் தோண்ட வருபவரைப் பார்த்து மட்டும், "ஐயா, உமது தொழில் யாது? இத்தொழிலை எங்கே கற்றீர்?" என்று கேட்க நாம் அஞ்சுகிறோம். கல்முனை முதல் பொத்துவில் வரை நீளும் இந்தக் கடலோரத்தில் அக்கேள்வியை உரத்துக் கேட்க வேண்டிய காலம் வந்து வெகு நாளாயிற்று.

2020 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆந் திகதிய அதிவிசேட வர்த்தமானி, கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணி ஒன்றை நியமித்தது. உறுப்பினர் பதினொருவர். அவர்களுடைய தொழில்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். தலைவர், பாதுகாப்பு அமைச்சின் செயலாளராயிருந்த ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் கமல் குணரத்ன. அடுத்து, பௌத்த துறவியர் இருவர். பின்னர் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகம், காணி ஆணையாளர் நாயகம், நில அளவையாளர் நாயகம், மாகாணக் காணி ஆணையாளர், மேல் மாகாணச் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர், களனிப் பல்கலைக்கழகத் தொல்லியற் பேராசிரியர் ஒருவர், பேராதனை மருத்துவ பீடப் பேராசிரியர் ஒருவர், தொலைக்காட்சி நிறுவனமொன்றின் தலைவர்.

பதினொருவரிற் புதைபொருளாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டவர் இருவர். துறவியருள் ஒருவர் கல்வெட்டுக்களைத் தேடிக் காடுமேடெல்லாம் அலைந்தவர் என்பதால், அவரையுஞ் சேர்த்து மூவர் என்றே வைத்துக்கொள்வோம். காணியை அளப்போரும் ஆள்வோரும் மூவர். படையையும் பொலிசையுஞ் சேர்ந்தோர் இருவர். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையினராய் வாழும் மாகாணத்துக்கென அமைந்த அந்த முதற் பட்டியலில் தமிழர் ஒருவருமில்லை, முஸ்லிம் ஒருவருமில்லை.

இந்தப் பட்டியலுக்கு உரைகாரர் வேண்டியதில்லை. ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றி வைத்தியர் மூவரும் காணி அளப்போர் மூவரும் பொலிசாரும் நின்றால், அங்கே நடக்கும் ஆலோசனை அவனுடைய நோயைப் பற்றியதா, அவனுடைய வளவைப் பற்றியதா என்று உறவினர் ஐயுறுவது குற்றமாகுமா? அதற்கு முந்திய மே மாதத்திலேயே பாதுகாப்புச் செயலாளர் பொத்துவில் முகுது மகா விகாரைக்கு நேரில் வந்து சென்றதையும், அங்கே கடற்படையினர் காவலுக்கு நிறுத்தப்பட்டதையும் கண்ட கரையோர ஏழைக் குடியானவன், "தொல்பொருள்" என்ற சொல்லைக் கேட்டவுடன் தன் உறுதிப் பத்திரத்தைத் தேடினான் என்றால், அவனை அறிவிலி என்று பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். "பட்டம் பெற்றவர் மட்டுந்தானா தொல்லியலாளர்? இந்நாட்டில் அத்துறையை வளர்த்தவர் யார்?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. 1890 இல் முதலாவது தொல்பொருள் ஆணையாளரான எச். சி. பி. பெல் குடியேற்ற ஆட்சியின் சிவில் சேவையிலிருந்து வந்தவர். 1909 இல் பழைய இலங்கை பற்றிப் பெருநூல் எழுதிய ஹென்றி பார்க்கர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். ஆகவே நம் வழக்கு பட்டத்தாளைப் பற்றியதன்று. அவர்கள் கண்டதை அளந்தார்கள், வரைந்தார்கள், அச்சிட்டார்கள். அவர்களுடைய முடிவை மறுக்க விரும்புவோனுக்கு வேண்டிய சான்றையும் அவர்களே விட்டுச்சென்றார்கள். ஆராய்ச்சியாளனின் தொழில் ஐயுறுதல். படையாளனின் தொழில் கட்டளைக்குப் பணிதல். இரண்டும் தத்தம் இடத்தில் மதிப்புடையனவே. ஆனால் மண்ணடுக்கு கட்டளைக்குப் பணியாது. ஒரு முறை தோண்டிய குழியை மறுமுறை தோண்டவும் இயலாது. தோண்டியவன் எழுதிவைக்காத உண்மை தோண்டிய கணத்திலேயே அழிந்துபோகிறது.

தகுதியுடையோர் கையிற் சான்று எவ்வாறு பேசும் என்பதற்கு வெகு தூரம் போகவேண்டியதில்லை. நம் அம்பாறை மாவட்டத்துக் குடுவிலில் ஒரு பிராமிக் கல்வெட்டு உண்டு. பேராசிரியர் பரணவிதான 1970 இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் அதற்கும் இடமுண்டு. தீகவாபி வணிகரைக் குறிக்கும் அந்தப் பிராகிருத வாசகத்தில் "தமேட", அதாவது தமிழர் என்னும் சொல்லும் காணப்படுகிறது. பௌத்தக் குகையொன்றின் கல்லிலே, சிங்களத்தின் மூதாதையான மொழியிலே, தமிழ் வணிகர் தொடர்பு! இக்கல் எவருக்குச் சொந்தம்? ஓரினத்துக்கு மட்டும் என்று பட்டயம் எழுத விரும்புவோனை அக்கல்லே மறுத்துரைக்கிறது. தீகவாபியும் இராஜகலையும் பௌத்தத்தின் மெய்யான தொன்மைச் சின்னங்கள். அவற்றை மறுப்பவன் வரலாற்றின் பகைவன். அவ்வாறே, அவற்றைச் சுற்றி வாழ்ந்தோர் அனைவரும் ஓர் இனத்தவரே என்பவனும் வரலாற்றின் பகைவனே.

சட்டத்தையும் சற்றே நோக்குவோம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், பண்டைச் சின்னம் என்பதற்கு 1815 மார்ச் 2 ஆந் திகதியை எல்லையாக வகுத்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயனுக்குக் கைமாறிய நாள் அது. அதற்குப் பிந்தியவை பாதுகாப்புப் பெறத் தனி அறிவித்தல் வேண்டும். மலைநாட்டு முடியொன்று விழுந்த நாளைக் கொண்டு, கடலோர மக்களின் நினைவுக்கும் வயது கணிக்கப்படுகிறது. நாகூர் நாயகத்தின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றுங் கல்முனைக் கடற்கரைப் பள்ளி, மருதமுனைத் தறிகள், குடிவழி மரபுகள் ஆகியவற்றின் வரலாற்றை இந்த அளவுகோல் எப்படி அளக்கும்? அவற்றை எழுதுவதற்கு இங்கே வளர்ந்தவர்களே முன்வர வேண்டியிருந்தது. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964 இல் "மட்டக்களப்புத் தமிழகம்" எழுதினார், ஏ. ஆர். எம். சலீம் 1990 இல் அக்கரைப்பற்றின் வரலாற்றை எழுதினார். செயலணி வாகனம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

1998 இன் திருத்தச் சட்டமும் 2000 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும், பெரிய அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன்பு தொல்பொருள் தாக்க மதிப்பீடு செய்யப்பட வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆயின் மதிப்பீட்டுக்கான செலவைத் திட்டக்காரனே கொடுக்கிறான். கூலி கொடுப்பவனுக்கு உவப்பான அறிக்கை எழுதப்படுமோ என்ற அச்சம் உலகெங்கும் உள்ளதே. ஐக்கிய அமெரிக்காவில் 1966 இன் மரபுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் இத்தகைய ஆய்வுக்கெனத் தனியார் ஆலோசனைக் கம்பனிகள் பல தோன்றின. இலாபமே அவற்றின் உயிர் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் அங்குள்ள கூட்டரசின் தகுதிநெறி தொல்லியலாளருக்கு மேற்பட்டப் படிப்பையும், ஓராண்டு முழுநேரத் தொழிலனுபவத்தையும், மேற்பார்வையின் கீழான நான்கு மாதக் களப்பயிற்சியையும் கேட்கிறது. அதனால் அக்கம்பனிகள் தம் ஆய்வாளர் எங்கே கற்றனர், எங்கே தோண்டினர் என்பதை ஊரறிய வெளியிடுகின்றன. 1990 இன் இன்னொரு சட்டம், தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகள் பற்றிப் பூர்வகுடிகளிடம் கலந்துபேசக் கட்டாயப்படுத்தியது. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே கேட்கக்கூடிய கேள்வியை, ஜனநாயக சோஷலிசம் என்று பெயர் சூடிய குடியரசிற் கேட்கலாகாதோ?

பிறரை நோக்கிப் பேசிய நாம் நம்மவரையும் நோக்கிப் பேசுதல் வேண்டும். வளவிலே பழைய செங்கலோ பானையோடோ அகப்பட்டால், காணி பறிபோகும் என்றஞ்சி இரவோடிரவாகப் புதைப்பதும், புல்டோசர் விட்டு மட்டமாக்குவதும் நடவாத காரியங்கள் அல்ல. அந்த அச்சத்தை விதைத்தது அதிகாரம். ஆனால் அதன் விளைவாக அழிவது நம் பாட்டன்மாரின் சான்றுந்தான். காணித் தரகனும் இனவாதியும் ஒருவரையொருவர் பகைப்பவர்போலத் தோன்றினும், சான்றை அழிக்கும் வேலையிற் கூட்டாளிகளே.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. அகழ்வாய்வு செய்வோர், மதிப்பீடு எழுதுவோர் அனைவரதும் கல்வியும் களப்பயிற்சியும் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக்கப்படுக. அறிக்கைகள் பிரதேச நூலகத்தில் வைக்கப்படுக. எந்த ஊரில் மண் தோண்டப்படுகிறதோ, அந்த ஊரின் மொழியறிந்த பயிற்சி பெற்ற ஆய்வாளர் அக்குழுவில் இடம்பெறுக. காணி அளக்கும் அதிகாரமும் தொன்மையை அறியும் பணியும் வேறுவேறு கைகளில் இருக்க. இக்கோரிக்கைகள் எந்த இனத்துக்கும் எதிரானவை அல்ல. நேர்மையான சிங்களத் தொல்லியலாளருக்கும் இவையே அரண்.

கோரிக்கையோடு கடமையும் உண்டு. கற்பதற்கு ஆளின்றி நியமனம் கேட்பது வெறுங்கூச்சலாகும். 1995 இல் தோன்றிய ஒலுவிற் கல்விக்கூடம் இன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகமாய் நிமிர்ந்து நிற்கிறது. களப்பயிற்சியோடு கூடிய தொல்லியற் கல்வி இக்கரையில் வேரூன்ற வேண்டும். நம் மாணவர் பிராமி எழுத்தைப் படிக்கட்டும். பிராகிருதமும் சிங்களமும் கற்கட்டும். மருத்துவமும் பொறியியலும் அல்லாத படிப்பு வீண் என்று பெற்றோருக்குப் போதித்த ஆசிரியர்களே, அந்தப் போதனையின் விலையை 2020 இன் பட்டியலிற் காணுங்கள்.

அச்செயலணியை அமைத்த ஜனாதிபதி 2022 ஜூலையில் நாட்டை விட்டோடிப் பதவி துறந்தார். செயலணிகள் வரும், போகும். மண்ணின் கீழுள்ள சான்று அங்கேயே கிடக்கிறது, அதைப் படிக்கக் கற்ற கைகளுக்காக.